எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒரு திறந்த மானிட்டர்

ஐ.சி.யூ.வில் படுக்கைக்குப் பக்கத்தில் பீப் பீப் என்று ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் தள்ளிக்கொண்டு போக முடியாது. போனால் அது காந்தத்தை நோக்கிப் பறக்கலாம், இல்லையென்றால் அதன் கேபிள் நோயாளியின் தோலைச் சுடலாம். இரண்டும் நடக்காமல் போனாலும் ஸ்கேன் படத்தில் கோடு கோடாக இரைச்சல் விழும். ஆனால் கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் நோயாளிகளில் பலர் அந்த அறைக்குத்தான் போகிறார்கள். நானும் நண்பர்கள் சிலரும் கொஞ்ச காலமாக இந்தப் பிரச்சினையில்தான் வேலை செய்துவருகிறோம். எம்.ஆர்.ஐ. நடக்கும்போது மூச்சு, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு மூன்றையும் காட்டும் ஒரு கருவி. அதன் சர்க்யூட், மென்பொருள், முப்பரிமாண அச்சில் எடுக்கும் பாகங்கள், சோதனைத் தரவு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பெரியவர் ஒருவர் முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனால் அவருக்கு மானிட்டர் தேவைப்படாது. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். பயமாக இருந்தால் அழுத்தினால் போதும். அசையாமல் படுக்க முடியாததால் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைக்கு அந்தப் பந்தால் பயனில்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் இல்லை. சுரங்கம் மாதிரி நீளும் அந்தக் குழாயின் விட்டம் 60 அல்லது 70 செ.மீ. தலையை ஸ்கேன் செய்யும்போது வெளியிலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும். முகத்தின் நிறமோ நெஞ்சு ஏறி இறங்குவதோ தெரியாது. இயந்திரம் போடும் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் முனகல்கூடக் கேட்காது. மயக்கவியல் மருத்துவருக்கு அந்த அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கண்ணும் காதும் மானிட்டர்தான்.

அந்த அறையில் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது நிலையான காந்தப்புலம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல பத்தாயிரம் மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும், விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது இருந்துகொண்டே இருக்கும். 2001இல் அமெரிக்காவில் ஸ்கேனருக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது, அறைக்குள் கொண்டுவரப்பட்ட இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டாவது, படத்துக்கான இடத்தைக் குறிக்க ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்கும் கிரேடியண்ட் புலங்கள். தடதடவென்ற அந்தச் சத்தம் இவற்றால்தான் வருகிறது. மூன்றாவது ரேடியோ அலை. 1.5 டெஸ்லாவில் கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் கிட்டத்தட்ட 128. கிலோவாட் கணக்கில் துடிப்பு துடிப்பாக உடலுக்குள் அனுப்பிவிட்டு, அடுத்த கணமே உடலிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய சிக்னலை இயந்திரம் கேட்கிறது. வெளியுலக வானொலி அந்தக் காதில் விழாதிருக்கத்தான் அறை முழுக்கச் செம்புத் தகடு அடித்து ஃபாரடே கூண்டாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆக, உள்ளே வைக்கும் எதுவும் இழுபடக் கூடாது, சூடாகக் கூடாது, சத்தம் போடவும் கூடாது. சத்தம் என்று நான் சொல்வது ரேடியோ சத்தத்தை.

இதற்கென்றே செய்யப்பட்ட மானிட்டர்கள் சந்தையில் உண்டு. நன்றாகவே வேலை செய்கின்றன. விலை சாதாரண மானிட்டரைவிடப் பல மடங்கு. விலைகூட எனக்கு இரண்டாவது குறைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் முதல் குறை. திரையில் ஓர் எண் வருகிறது. அது எத்தனை விநாடிச் சராசரி, கிரேடியண்ட் இரைச்சலை எப்படி வடிகட்டினார்கள், வடிகட்டும்போது எதையெல்லாம் சேர்த்து எறிந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்காது. சிக்னலின் மூலத் தரவு வேண்டும் என்று கேட்கும் ஆராய்ச்சியாளருக்கும் இதே கதி. பழுதானால் பாகம் வரும்வரை மயக்க மருந்து தேவைப்படும் ஸ்கேன்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஸ்கேன் என்பது பெரும்பாலும் ஒரு குழந்தையின் மூளைப் படம் என்பதால் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் மூச்சிலிருந்து தொடங்கினோம். காரணம், மூச்சை அளக்க அறைக்குள் ஒரு துளி மின்சாரமும் வேண்டாம். வயிற்றைச் சுற்றி ஒரு ரப்பர் துருத்தி வைத்த பெல்ட், அதிலிருந்து சில மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். மூச்சு இழுத்தால் துருத்தி விரியும், குழாயின் மறுமுனையில் அழுத்தம் மாறும். அழுத்த சென்சாரும் மற்ற எல்லாமும் கூண்டுக்கு வெளியே. குழாய் வெளியே வருவதற்குச் சுவரிலேயே வேவ்கைடு என்ற உலோகக் குழல் பதித்திருப்பார்கள். குழலின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு நீளம் இருந்தால், 64 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் 100 டெசிபலுக்கு மேல் தேய்ந்துபோகும். காற்றும் ஒளியும் தாராளமாகப் போய் வரும். உலோகக் கம்பி ஒன்றை அதே குழல் வழியாக நுழைத்தாலோ, அது ஆன்டெனாவாகி வெளி இரைச்சலை உள்ளே கொண்டுவந்துவிடும். எங்கள் வடிவமைப்பு முழுவதையும் தீர்மானித்தது இந்தக் குழல்தான்: காற்றாகவோ ஒளியாகவோ வெளியே வர முடிந்தவற்றை முதலில் அளப்போம், மின்சாரமாக மட்டுமே வரக்கூடிய ஈசிஜியைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

துருத்தி பெல்ட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளி லேசாகப் புரண்டாலோ, குழாயில் இருக்கும் காற்று வெப்பமானாலோ அழுத்தத்தின் அடிக்கோடு நகர்ந்துகொண்டே போய் சென்சாரின் எல்லையைத் தொட்டுவிடும். குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கசிவை வேண்டுமென்றே வைத்தால் அடிக்கோடு தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பும். மூச்சு சில விநாடிகளில் வந்து போகும் விஷயம், கசிவு அதைவிட மெதுவானது. ஆகவே மூச்சின் அலை கெடாது. கசிவின் அளவைத் தேர்ந்தெடுப்பதற்கான கணக்கையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம். குழந்தையின் மூச்சு வேகமும் பெரியவரின் மூச்சு வேகமும் வேறு வேறு என்பதால் இதை ஒரே எண்ணாகக் கொடுத்துவிட முடியாது.

ஆனால் இந்த பெல்ட்டை மட்டும் நம்பக் கூடாது. மயக்கத்தில் இருப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால் நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டேதான் இருக்கும். காற்று உள்ளே போகாது. பெல்ட் அழகான அலையைக் காட்டிக்கொண்டிருக்கும். வெளிமூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால்தான் உண்மை தெரியும். மூக்கருகே மெல்லிய குழாய் வைத்துக் காற்றை உறிஞ்சி, அகச்சிவப்பு ஒளியில் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வெளியில் இருக்கும் கருவி பார்க்கும். இங்கேயும் அறைக்குள் போவது பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான். அதற்குக் கொடுக்கும் விலை தாமதம். உள்விட்டம் 1.2 மி.மீ., நீளம் 6 மீட்டர் என்றால் குழாய்க்குள் கிட்டத்தட்ட 6.8 மில்லிலிட்டர் காற்று நிற்கும். நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டர் உறிஞ்சினால் திரையில் தெரிவது 2.7 விநாடிக்கு முந்தைய மூச்சு. 50 என்று குறைத்தால் 8 விநாடிக்கு முந்தையது. இந்தத் தாமதத்தைத் திரையிலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். பார்ப்பவருக்குத் தான் எந்த நேரத்தைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்புறம் ஆக்சிமீட்டர். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரின் கேபிள் ஸ்கேனருக்குள் விரலைச் சுட்ட சம்பவங்கள் 1980களின் இறுதியிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வழி எளிமையானது: எல்.இ.டி.யையும் ஒளி உணரியையும் வெளியே வைத்துக்கொண்டு, விரலுக்குக் கண்ணாடி ஃபைபர் வழியாக ஒளியை மட்டும் அனுப்பி, இன்னொரு ஃபைபரில் திரும்ப வாங்குவது. எளிமையாகச் சொல்லிவிட்டேன், செய்யும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒளி போய்விடுகிறது. எல்.இ.டி. நாலாபக்கமும் சிதறும் ஒளியில் ஃபைபரின் வாய்க்குள் நுழைவது சிறு பங்குதான். இருப்பதிலேயே பெரிய இழப்பு அதுதான்.

விலை குறைவு, ஒடியாது என்று பிளாஸ்டிக் ஃபைபரை எடுத்தால் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி நன்றாகவே போகும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பை அந்தப் பிளாஸ்டிக்கே விழுங்கிவிடும். ஆக்சிஜன் அளவைச் சொல்ல இரண்டும் வேண்டும். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஏந்தாதது நேர் எதிர். இரண்டு துடிப்புகளின் விகிதத்திலிருந்துதான் 98, 91 என்ற எண்கள் பிறக்கின்றன. எனவே கண்ணாடி ஃபைபர் கட்டுதான். முடியைவிட மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த கட்டு அது. டிராலி சக்கரம் ஒருமுறை ஏறினால் சில இழைகள் உடையும், கட்டு அப்படியே வேலை செய்யும். மறுபடி ஏறினால் இன்னும் சில. கருவி எல்.இ.டி. மின்னோட்டத்தைத் தானாக ஏற்றிக் குறையை மறைத்துவிடும். அதனால் அந்த மின்னோட்டத்தை ஒவ்வொரு ஸ்கேனிலும் பதிவு செய்கிறோம். மாதக்கணக்கில் அந்தக் கோடு மேலே ஏறுவதைப் பார்த்தே ஃபைபரை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

பொழுதுபோக்குத் திட்டங்களில் எல்லோரும் எடுப்பது மேக்ஸ்30102 போன்ற சிப். எல்.இ.டி., உணரி எல்லாம் ஒரே பொட்டலத்தில். தோலின் மேல் நேராக வைக்க அருமையான சிப், ஃபைபர் கோக்க முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் ஏ.எஃப்.இ.4490 எங்களுக்குப் பொருந்தியது, எல்.இ.டி.யையும் ஒளி டையோடையும் நாமே தேர்ந்தெடுத்து இணைக்கலாம்.

விரல் கிளிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். வழக்கமான கிளிப்பில் எஃகு ஸ்பிரிங் இருக்கும், இங்கே கூடாது. பிளாஸ்டிக்கின் வளைவையே ஸ்பிரிங்காக வைத்து அச்சிட வேண்டும். அழுத்தம் கூடினால் விரல்நுனி இரத்த ஓட்டம் குறைந்து சிக்னல் செத்துவிடும், குறைந்தால் கிரேடியண்ட் அதிர்வில் நழுவும். கறுப்பு நிறத்தில் அச்சிட்டால் வெளியொளி நுழையாது என்றுதான் யாருக்கும் தோன்றும். சாயம் போட்டுக் கறுப்பாக்கிய பிளாஸ்டிக்குகள் பல, நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. 940 நானோமீட்டருக்கு அவை ஜன்னல் கண்ணாடி. கரித்தூள் கலந்த கறுப்பா, சாயக் கறுப்பா என்பது அச்சுக்கு வாங்கும் பிளாஸ்டிக் சுருளின் அட்டையில் எழுதியிருக்காது. கிளிப்பை மாட்டி, அறை விளக்கை அணைத்து எரிய வைத்து, அகச்சிவப்பு அளவு ஆடுகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

இதெல்லாம் சரியாக வந்தாலும் எண் சரியா என்ற கேள்வி நிற்கிறது. விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் வளைகோடு மனிதர்களிடம் அளந்து பெறப்படுவது. மருத்துவமனைக் கண்காணிப்பில், ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, தன்னார்வலர்களின் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, இரத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். 70 முதல் 100 சதவீதம் வரையிலான வீச்சில் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். மேசைமேல் வைக்கும் விரல் சிமுலேட்டர் கருவி ஓடுகிறதா என்று சொல்லும், துல்லியத்தைச் சொல்லாது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஆக்சிமீட்டர் காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு, கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடிக்கடி இருந்தது தெரியவந்தது. எந்தத் தோல் நிறங்களில் வளைகோடு எடுக்கப்பட்டது என்று கருவியைப் பயன்படுத்துபவருக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் கருவியின் வளைகோடு இன்னும் இந்தச் சோதனைக்கு உட்படவில்லை. திரையில் சதவீத எண்ணுக்குப் பக்கத்தில் ‘அளவுத்திருத்தம் செய்யப்படாதது’ என்று எழுதியிருக்கும். போக்கையும் துடிப்பையும் பார்க்கலாம், அந்த எண்ணை வைத்து மருத்துவ முடிவு எடுக்கக் கூடாது.

ஈசிஜியைக் கடைசியில் வைத்தோம் என்றேன். அதற்குக் காரணம் காந்தம் இதயத்தின் கையெழுத்தையே மாற்றிவிடுவதுதான். இரத்தம் மின்சாரத்தைக் கடத்தும் திரவம். அது காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடினால் மின்னழுத்தம் உண்டாகும். இதயம் சுருங்கி மகாதமனியில் இரத்தம் பாயும் அந்த நேரம் ஈசிஜியில் டி அலை என்ற, துடிப்பின் பிற்பகுதிச் சிறு மேடு வரும் நேரம். இரண்டும் கலந்து டி அலை உப்பிப்போகும். காந்தம் வலுக்க வலுக்க, ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் ஆர் முனையோடு போட்டி போடும் அளவுக்கு வளரும். மென்பொருள் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும். ஸ்கேனருக்குள் எடுத்த ஈசிஜியில் டி அலைக்குச் சற்று முன் வரும் எஸ்.டி. பகுதியைப் பார்த்து மாரடைப்பைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. இது எந்த நல்ல கருவியாலும் தீராது, இயற்பியலே அப்படி.

அடுத்தது கிரேடியண்ட். ஈசிஜி கம்பிகள் நெஞ்சின் மேல் 100 சதுர செ.மீ. பரப்புள்ள வளையமாகக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காந்தப்புலம் விநாடிக்கு 20 டெஸ்லா வேகத்தில் மாறினால் அந்த வளையத்தில் 200 மில்லிவோல்ட் தூண்டப்படும். நாம் தேடும் ஆர் முனை 1 மில்லிவோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.எஸ்.1298 என்ற 24 பிட் சிப்பில் 12 மடங்கு பெருக்கம் வைத்தால் அது ஏற்கும் எல்லையே கூட்டல் கழித்தல் 200 மில்லிவோல்ட்தான். முட்டி நின்றுவிடும். முட்டிய சிக்னலிலிருந்து இதயத்தை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. பெருக்கத்தை 1 ஆக வைத்தால் 2.4 வோல்ட் வரை இடம் கிடைக்கும். அப்போதும் ஒரு படி 0.3 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. இதயத்துக்கு அது தாராளம். குறைந்த பெருக்கம், வேகமான மாதிரியெடுப்பு, முறுக்கிய குட்டைக் கம்பிகள், நெருக்கமாக ஒட்டிய மின்முனைகள். இரைச்சலை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டு பிறகு கழிப்பதே சரியான வரிசை.

கம்பி சுடுவது வேறு விஷயம். 64 மெகாஹெர்ட்ஸில் உடலுக்குள் அலைநீளம் அரை மீட்டர் அளவு. அதில் பாதி நீளமுள்ள கம்பி உடலோடு ஒட்டிக் கிடந்தால் நல்ல ஆன்டெனா. வெப்பம் அதன் நுனியில், அதாவது தோலைத் தொடும் இடத்தில் குவியும். அதனால்தான் செம்புக்குப் பதில் மின்தடை மிகுந்த கார்பன் கம்பி. சுருட்டி வைக்கக் கூடாது, குறுக்கே போடக் கூடாது, தோலுக்கும் கம்பிக்கும் நடுவே துணி வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் சுடுகிறது என்று சொல்ல மாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் ஈசிஜிப் பகுதி இன்றுவரை, உடலுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் உப்பு நீர் பொம்மையைத் தாண்டி மனிதரைத் தொடவில்லை. இதயத் துடிப்பின் எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் ஃபைபர் வழி நாடியே அதைத் தந்துவிடும்.

இரத்த அழுத்தத்தைத் தொடவே இல்லை. நீளக் குழாயில், கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் அதிர்வு மங்கி வரும்போது அதைப் படித்து எண்ணாக மாற்றுவது தனிக் கலை. அதை அரைகுறையாகச் செய்து வெளியிட விருப்பமில்லை.

ஈசிஜிக்கு மட்டும் ஒரு சிறிய போர்டு அறைக்குள் போகிறது. அந்தப் போர்டு பாகங்களைப் பற்றிய என் அறிவையெல்லாம் புரட்டிப் போட்டது. மின்னழுத்தம் ஏற்றும் கன்வெர்ட்டரில் இருக்கும் ஃபெரைட் இண்டக்டர் என்ற கம்பிச்சுருள் அந்தப் புலத்தில் நிறைவுற்று, இண்டக்டராக இருப்பதையே விட்டுவிடும். ஆகவே கன்வெர்ட்டர் இல்லை, பேட்டரியும் நேர் ரெகுலேட்டரும்தான். காசு மாதிரி இருக்கும் பேட்டரியின் கூடு எஃகு. கனெக்டரில் தங்கப் பூச்சுக்கு அடியில் நிக்கல். கெபாசிட்டர், ரெசிஸ்டர் முனைகளிலும் நிக்கல். போர்டின் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலின் மூடி காந்தம் ஒட்டும் உலோகக் கலவை. தரைத்தளமாக விடும் பெரிய செம்புப் பரப்பில் கிரேடியண்ட் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிப் போர்டையே அதிர வைக்கும், எனவே அதில் பிளவு வெட்ட வேண்டும். எந்தப் பாகம் வந்தாலும் வலுவான சிறு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது எங்கள் முதல் சல்லடை.

கடிகார அதிர்வெண்ணும் தொல்லைதான். மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சர்வசாதாரணம். அதன் நான்காம் மடங்கு 64, எட்டாம் மடங்கு 128. சரியாக ஸ்கேனர் காது வைத்திருக்கும் இரண்டு இடங்களுக்கும் பக்கத்தில்! படத்தில் நெடுக ஜிப்பர் மாதிரி ஒரு கோடு விழும், மூளையில் இருக்கும் சிறு கோளாறு அந்தக் கோட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம். மானிட்டர் படத்தைக் கெடுத்தால் ஸ்கேனுக்கே அர்த்தமில்லை. கிரிஸ்டலை மாற்றி, ஒவ்வொரு மடங்கையும் ஸ்கேனர்களின் உண்மையான அதிர்வெண்களோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டோம். எல்லா 3 டெஸ்லா இயந்திரங்களும் துல்லியமாக 3 டெஸ்லா இல்லை என்பதால் அந்த அட்டவணை அவசியம்.

திறந்த வன்பொருள் என்றால் சர்க்யூட் வரைபடத்தைப் போட்டால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேட்டின் கோப்புகளை, செர்ன் ஆய்வகம் எழுதிய திறந்த வன்பொருள் உரிமத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியிட்டிருக்கிறோம், அது அரை நாள் வேலை. உழைப்பையெல்லாம் வாங்குவது சோதனைத் தரவு. அதே பாக எண்ணில் வரும் கெபாசிட்டரை வேறொரு தயாரிப்பாளரிடம் வாங்கினால் முனையில் நிக்கலின் அளவு மாறியிருக்கும். இன்னொரு நாட்டில் இதைக் கட்டுபவருக்கு நாங்கள் வாங்கிய பாகமே கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது? எனவே பாகப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காந்தச் சோதனையின் முடிவு, அது ஏன் தேர்வானது, எதை மாற்றினால் எந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதுகிறோம். மருத்துவக் கருவிகளின் அபாயங்களைக் கையாளும் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14971 கேட்கும் அபாயக் கோப்பையும் திறந்தே வைத்திருக்கிறோம். எது எப்படிப் பழுதாகலாம், பழுதானால் நோயாளிக்கு என்ன ஆகும் என்ற அந்தக் கோப்புதான் எங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள ஆவணம் என்பேன். வணிகக் கருவிகளுக்கும் அது உண்டு, ஆனால் நாம் பார்க்க முடியாது.

சோதனைகளில் சில வியக்கும்படி எளிமையானவை. ஏ.எஸ்.டி.எம். எஃப்2052 என்ற முறையில், பொருளை மெல்லிய நூலில் கட்டி ஸ்கேனரின் வாயருகே தொங்கவிட வேண்டும். இழுவிசை அதிகம் அங்கேதான், நடுவில் இல்லை. நூல் செங்குத்திலிருந்து 45 பாகைக்குக் குறைவாகச் சாய்ந்தால் காந்த இழுவை அதன் எடையைவிடக் குறைவு. ஒரு நூலும் கோணமானியும் போதும். படத் தரத்துக்கு உப்பு நீர் பொம்மையைக் கருவியோடும் கருவி இல்லாமலும் ஸ்கேன் செய்து ஒப்பிடுகிறோம். வெப்பத்துக்கு ஃபைபர் வெப்பமானி. இவை எல்லாம் தேறினாலும் ‘பாதுகாப்பானது’ என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது. மஞ்சள் முக்கோணம் போட்டு, எந்த டெஸ்லாவில், எந்த அளவு ரேடியோ சக்தியில், காந்தத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்ற நிபந்தனைகளோடுதான் எழுதலாம்.

திரையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஃபைபர் கழன்றுவிட்டால் கடைசியாகத் தெரிந்த 98ஐ ஒரு விநாடிகூடத் தாங்கி நிற்கக் கூடாது. எண் இருந்த இடம் காலியாகி, ‘சிக்னல் இல்லை’ என்று வர வேண்டும். ‘துடிப்பு இல்லை’ என்பது வேறு செய்தி, வேறு நிறம். இரண்டையும் குழப்பும் மானிட்டரை நம்பி மருத்துவர் ஓடிப்போய்க் குழந்தையை வெளியே இழுப்பார், அல்லது ஓட வேண்டிய நேரத்தில் ஃபைபர்தான் கழன்றிருக்கும் என்று உட்கார்ந்திருப்பார். அறைக்குள் அலாரம் ஒலி கேட்காது என்பதால் கண்ட்ரோல் ரூமில் ஒலி, உள்ளே ஃபைபர் வழியாகச் சிவப்பு வெளிச்சம். வெளியே இருக்கும் விளக்கின் ஒளியை உள்ளே கொண்டுபோவதற்கு அனுமதி கேட்க வேண்டிய உலோகம் எதுவும் இல்லை.

இன்றைய நிலையில் இந்தக் கருவி அங்கீகரிக்கப்பட்ட மானிட்டருக்குப் பக்கத்தில், நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வுகளில், விழித்திருக்கும் தன்னார்வலர்களிடம் மட்டும் ஓடலாம். மயக்கத்தில் இருக்கும் குழந்தையை இதை மட்டும் நம்பி விடக் கூடாது. கோப்புகளை இறக்கிக் கட்டுபவர் அந்த நாட்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

இப்போது எங்களை இழுத்திருப்பது குறைபுல ஸ்கேனர்கள். நிரந்தரக் காந்தங்களை வளையமாக அடுக்கி 50 மில்லிடெஸ்லா அளவில் வேலை செய்யும் திறந்த வன்பொருள் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களை ஆராய்ச்சிக் குழுக்கள் கட்டத் தொடங்கிவிட்டன. 64 மில்லிடெஸ்லாவில் படுக்கையருகே தள்ளிவரும் ஸ்கேனர் ஒன்றுக்கு 2020இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. இழுவிசை குறைவு, சூடு குறைவு, நோயாளியின் முகம் தெரியும் தூரத்தில் மருத்துவர் நிற்கலாம். எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைத்தோம். ஆனால் அங்கே செம்புக் கூண்டு கிடையாது, நோயாளியின் உடலே வெளி இரைச்சலை வாங்கும் ஆன்டெனா, மானிட்டரோ அதே உடலில் ஒட்டியிருக்கிறது. 50 மில்லிடெஸ்லாவில் ஸ்கேனர் கேட்பது 2.1 மெகாஹெர்ட்ஸை. ஸ்விட்சிங் பவர் சப்ளை சிப்கள் பல ஓடுவதும் 2.1 மெகாஹெர்ட்ஸில். ஃபைபர் ஆக்சிமீட்டரும் துருத்தி பெல்ட்டும் அங்கே எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே பொருந்துகின்றன. மற்ற போர்டுகளின் பவர் சப்ளைப் பகுதியைத்தான் முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறோம். இரைச்சல் அளவீடுகளை எடுக்க எடுக்கக் கோப்பில் ஏற்றிவருகிறோம்.